கண்ணாடி ஆலைக்கு வந்த பிரெஞ்சுப் பிரபு

ஆலை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைச் சந்தித்தால் இயந்திரங்களைப் பற்றிக் கேட்பதில்லை. அதற்கு அவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. "அன்ரி, எல்லாம் பிழையாப் போற நேரத்தில என்ன செய்யிறது?" என்றுதான் கேட்கிறார்கள். அண்மையில் மெல்பேர்ன் மல்கிரேவில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பிள்ளை, தேத்தண்ணியைத் தொடாமல் ஆறவிட்டபடி இதைக் கேட்டாள். அவளுக்கு முதன்முறையாக ஒரு முழு ஷிஃப்டின் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அவளுக்கு ஒரு கதையைச் சுருக்கிச் சொன்னேன். உங்களுக்குச் சுருக்காமல் எழுதுகிறேன்.

மெல்பேர்னின் மேற்கே, ட்ருகனினாப் பக்கம் இருந்த ஒரு போத்தல் ஆலையில் நான் உற்பத்தி மனேஜராக இருந்தேன். ஆலை ஒரு பிரெஞ்சுக் கம்பனிக்குச் சொந்தம். எங்கள் உலைக்கு வயதாகிவிட்டிருந்தது. கண்ணாடி உலையை ஒருமுறை பற்றவைத்தால் வருடக்கணக்காக அணைப்பதில்லை. அணைத்தால் சுவர்கள் வெடித்துவிடும். இடித்துப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதற்குப் பெரிய முதலீடு தேவை. அந்தப் பணத்தைப் போடுவதா, ஆலையை ஒரேயடியாக மூடுவதா என்று பாரிஸ் தலைமையகம் யோசித்துக்கொண்டிருந்தது. ஆராய்ந்து சொல்லும்படி ஒரு நிர்வாக இயக்குநரை அனுப்பியது.

அவர் பரம்பரைப் பிரபு. அவருடைய முழுப் பெயர் விசிட்டிங் கார்டில் ஒரு வரிக்குள் அடங்காது. ஆலையில் வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் பாதிக் கிண்டலாக அவரைப் பிரபு என்று ஆங்கிலத்தில் கூப்பிட, நானும் உலைப் பொறியாளர் செந்திலும் அதையே தமிழில் சொல்லத் தொடங்கினோம். செந்தில் மதுரைக்காரர். நாங்கள் இருவரும் தொலைபேசியில் பிரபு, பிரபு என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு ஒரு நாள் பொறுக்கவில்லை.

"ஆரப்பா உந்தப் பிரபு? யாழ்ப்பாணமோ, மட்டக்களப்போ?"

"பிரான்ஸ்."

"ஓ, பாரிஸே? லாச்சப்பலில கடை வைச்சிருந்தவரோ?"

லாச்சப்பல் பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த இடம். இதைப் பிரபுவிடம் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் கடை வைத்திருந்தால் என் அம்மா இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருப்பார்" என்றார்.

அவர் வந்த முதல் நாள் எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்தில் கூட்டினார்கள். மைக் வைத்திருந்தார்கள், அவர் அதைத் தொடவில்லை. உயரமான மனிதர், நல்ல குரல்.

"இந்த ஆலையை மூட வேண்டுமா என்று பார்ப்பதுதான் என் வேலை" என்று தொடங்கினார். "நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். வேறு ஏதோ காரணத்துக்காக வந்ததாக நான் நடிக்கப்போவதில்லை. மூடுவதென்று முடிவானால், அதை முதலில் இதே இடத்தில் நின்று நானே உங்களுக்குச் சொல்வேன். மூடாவிட்டாலும் அப்படித்தான்."

பிறகு கோப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

செந்தில் என் பக்கம் குனிந்தார். "என்ன மேடம், வந்ததும் வராததுமா குண்டைத் தூக்கிப் போடுறாரு?"

"ஓம். ஆனா முன்னால நிண்டு போடுறார்" என்றேன்.

இப்படிச் சொல்வதால் அவர் பிழையே விடாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த சில வாரங்களிலேயே ஒரு பெரும் பிழை விட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் ஆட்கள் மத்தியானம் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அவர் திடுக்கிட்டுப்போனார். நின்றபடி இறைச்சி அடைத்த ஒரு பேஸ்ட்ரி, கையில் ஒரு சாண்ட்விச், சிலர் காருக்குள் இருந்தே முடித்துவிடுவார்கள். மனிதர்கள் இப்படிச் சாப்பிடக்கூடாது என்று முடிவுசெய்தார். குசினியைத் திருத்தினார். ஒரு நல்ல சமையல்காரரை எடுத்தார். மேசைகளுக்கு விரிப்பு வந்தது. சூப், பிரதான சாப்பாடு, பழம் என்று வரிசையாக வந்தன. சாப்பாட்டு நேரத்தையும் தாராளமாக நீட்டிவிட்டார். முதல் வாரம் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள், பாராட்டினார்கள். அவர் மேசை மேசையாகப் போய்ப் பாணும் வெண்ணெயும் போதுமா என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் பந்தியில் நிற்பதுபோல இருக்கும்.

அடுத்த வாரம் முகங்கள் மாறின. எவரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் தொழிற்சங்கப் பிரதிநிதியான ஒரு பெண் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"சூப் அருமை. ஆனால் உங்கள் சூப்பைக் குடித்த நேரத்துக்கு நாங்கள் பிந்தித்தான் வீட்டுக்குப் போகிறோம். என் மகள் பாடசாலை வாசலில் தனியே நிற்கிறாள்."

அவர் முகம் சிவந்தது. எத்தனை பேருக்கு இப்படி என்று கேட்டார். மண்டபத்தில் கைகள் எழுந்தன. எழாத கைகளைத் தேட வேண்டியிருந்தது.

நான் பார்த்த வேறு மேலதிகாரிகள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு குழு அமைத்திருப்பார்கள். ஆறு மாதம் பரிசோதனை என்று சொல்லியிருப்பார்கள். இவர் அந்த இடத்திலேயே கையிலிருந்த பாண் கூடையைக் கீழே வைத்தார். "உங்களுக்குப் பரிசு தருவதாக நினைத்தேன். உங்கள் நேரத்தை எடுத்து எனக்குப் பிடித்த பரிசை வாங்கியிருக்கிறேன். மன்னியுங்கள். நாளைக்கே பழைய நேரம்" என்றார்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கத்தினார்: "சூப்பை நிப்பாட்டிப் போடாதையுங்கோ!" அவர் எங்கள் வவுனியாக்காரர் ஒருவர், பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டார். நான் எழுந்து மொழிபெயர்த்தேன். ஆலையே சிரித்தது. பிரபுதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். சூப் தொடர்ந்தது, கோப்பையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் விதமாக.

பிள்ளைகளே, நீங்களும் பிழையான முடிவுகள் எடுப்பீர்கள். எடுத்த முடிவுக்குக் காவல் நிற்கத் தொடங்கினால்தான் ஆபத்து. அன்று அவர் விட்டுக்கொடுத்த வேகத்தைப் பார்த்த பிறகு, ஆலையில் எந்தக் குறையையும் அவரிடம் நேரே சொல்லலாம் என்று எல்லோருக்கும் துணிவு வந்தது.

அவர் எப்படி இந்த மாதிரி ஆளானார் என்பதை நான் சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் வைத்து அறிந்தேன். எங்களிடம் போத்தல் வாங்கும் ஒரு பெரிய தக்காளி சோஸ் கம்பனி சிட்னியில் இருந்தது. அவர்களைப் பார்க்க இருவரும் போயிருந்தோம். வேலை முடிந்ததும், "உங்கள் ஆட்கள் சாப்பிடும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள்" என்றார். பரமட்டாவில் ரயில் ஏறி வென்ட்வேர்த்வில்லில் இறங்கி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். கொத்துரொட்டிக்குச் சொன்னேன்.

கடைக்கார அண்ணை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, இவருக்கு உறைப்பைக் குறைச்சுப் போடட்டோ?"

நான் மொழிபெயர்த்தேன். "வேண்டாம், உங்களுக்குப் போடுவதைப் போலவே போடச் சொல்லுங்கள்" என்றார் பிரபு. இரண்டாவது வாயிலேயே அவருக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர். அண்ணை ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்து வைத்தார். தயிரைக் குழைத்து, ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் கதை சொன்னார்.

அந்தக் காலத்துப் பிரான்சில் பிரபுக்கள் தொழில் செய்தால் பிரபுப் பட்டம் போய்விடும். கண்ணாடி செய்வதற்கு மட்டும் விலக்கு இருந்தது. அவருடைய முன்னோர் அப்படிக் காட்டுக்குள் உலை வைத்துக் கண்ணாடி ஊதிய பிரபுக்கள். பின்னாளில் உலை அணைந்தது, காணிகள் போயின. மிஞ்சியது பெரிய மாளிகை ஒன்றுதான். அதன் கூரை முழுக்க ஒழுக்கு. மழை வந்தால் வெள்ளிப் பாத்திரங்களை எடுத்து ஒழுக்குக்கு வைப்பார்களாம். வேறு பாத்திரம் இல்லை. மாளிகை அண்ணனுக்குப் போயிற்று. தம்பியான இவர் பொறியியல் படித்துவிட்டு வடபிரான்சில் ஒரு கண்ணாடி ஆலையில் ஷிஃப்ட் பொறியாளராகச் சேர்ந்தார். உலை வாயிலில் வியர்த்து நிற்கும் மகனைப் பார்க்க வந்த தகப்பனார், "முந்நூறு வருடத்துக்குப் பிறகு நம் வீட்டில் ஒருவன் பிழைப்புக்கான வேலை பார்க்கிறான்" என்று சந்தோஷப்பட்டாராம்.

படிப்படியாக உயர்ந்தார். ஒரு நாள் அவர் தொடங்கிய அதே ஆலையை மூடும் பொறுப்பு அவரிடமே வந்தது.

"மூடியது சரியான முடிவுதான்" என்றார். "ஆனால் அறிவிக்கும் நாளில் எனக்குப் பாரிஸில் ஒரு கூட்டம் இருந்தது. தள்ளிவைத்திருக்கக்கூடிய கூட்டம். நான் தள்ளிவைக்கவில்லை. ஒரு உதவியாளர் போய்ச் சொன்னார். எனக்கு வேலை பழக்கிய மனிதர்கள் அங்கே இருந்தார்கள், வசந்தி. அவர்களில் ஒருவரை மறுபடி சந்தித்தபோது, 'உன்னிடம் கைகொடுத்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் காத்திருந்தேன்' என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

அண்ணை வந்து பிளேன்ரீ வைத்துவிட்டுப் போனார். பிரபு அதைக் குடித்து முடித்தார். முதல் நாள் மண்டபத்தில் அவர் சொன்ன வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று எனக்கு அப்போது விளங்கியது.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

பாரிஸிலிருந்து கம்பனித் தலைவியும் இரண்டு இயக்குநர்களும் ஆலையைப் பார்க்க வரும் நாள் அது. பிரபு தன் பரிந்துரையை ஏற்கெனவே அனுப்பியிருந்தார்: மூட வேண்டாம், உலையைப் புதிதாகக் கட்டலாம். அவர்கள் அதை முழுதாக நம்பவில்லை. நேரில் பார்த்து முடிவெடுக்க வந்திருந்தார்கள். பிரபு அவர்களை நகரத்து ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்குச் சந்தித்துவிட்டு மத்தியானம் ஆலைக்குக் கூட்டிவருவதாகத் திட்டம். நாங்கள் தரையெல்லாம் கழுவி, தலைக்கவசங்களைத் துடைத்து வைத்திருந்தோம்.

காலைத் தேநீர் நேரம் முடிந்த கையோடு செந்தில் ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"மேடம், உலைச் சுவர் கசியுது. கீழ்ப்பக்கம், மேற்கு மூலை. கண்ணாடி வெளிய வருது."

உருகிய கண்ணாடி தேனைப்போல மெதுவாகத்தான் வரும். தொட்டதையெல்லாம் எரித்துக்கொண்டு வரும். கீழ்த்தளத்தில் இருந்த எல்லோரையும் வெளியே எடுக்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்தோம், ஒருவரும் உள்ளே இல்லை. அதன் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. உலையிலிருக்கும் கண்ணாடி முழுவதையும் வடித்துவிடலாம். ஆபத்து அத்தோடு போய்விடும், உலையும் போய்விடும். போத்தல்களை முன்கூட்டியே சேர்த்துவைக்காமல் திடீரென்று நின்றால் வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். தலைவி வந்திறங்கும்போது செத்த உலையைத்தான் பார்ப்பார். செத்த உலையை வைத்துக்கொண்டு மூடாதீர்கள் என்று யாரும் கேட்க முடியாது. மற்ற வழி, சூட்டைக் குறைத்து, கசியும் இடத்தில் தூரத்திலிருந்து தண்ணீரை அடிப்பது. கசிந்த கண்ணாடி உறைந்து தானே அடைப்பானாகிவிடும். பல தடவை அப்படி நின்றிருக்கிறது. நிற்காமலும் போயிருக்கிறது.

பிரபுவுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன். "அவர்களைப் பின்னேரம் வரை நகரத்திலேயே வைத்திருங்கள். அதற்குள் ஒரு வழி பண்ணிவிடுவோம்" என்றேன்.

"ஆட்கள் எல்லோரும் பத்திரமா?"

"ஓம், எல்லோரும் வெளியே."

"அப்படியென்றால் நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்."

"இப்போதா? இதைப் பார்த்தால்..."

"பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். இன்று நாம் மறைத்தால், நாளைக்கு அவர்களுக்குத் தெரியவரும்போது நாம் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் சந்தேகிப்பார்கள். நீங்கள் உலையைப் பாருங்கள், வசந்தி. விருந்தினர் என் பாடு."

கோபம் வந்தது. கோபப்பட நேரம் இல்லாததால் விட்டுவிட்டேன்.

செந்திலையும் ஷிஃப்ட் ஆட்களையும் ஒரு இடத்தில் கூட்டினேன். "தண்ணி அடிச்சுப் பார்ப்பம்" என்றேன். பிறகு எல்லோருக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்த இரண்டாவது இரும்புத் தூணைப் பாருங்கள். கண்ணாடி அந்தத் தூணைத் தொட்டால் வடித்துவிடுவோம். அப்போது யாரும் என்னிடம் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று சொல்லக்கூடாது. நானே சொன்னாலும் கேட்காதீர்கள்."

கடைசி வரியைச் சொல்லும்போது செந்திலைத்தான் பார்த்தேன். "சரி மேடம், நீங்க சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றார் அவர், மிகவும் சீரியஸாக. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

இதைத்தான் அந்தப் பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்கே நிறுத்துவது என்பதைத் தலை தெளிவாக இருக்கும்போதே சத்தமாகச் சொல்லி வையுங்கள். நெருப்பு பக்கத்தில் வந்த பிறகு நாம் எல்லோரும் ஆசைப்பட்டுத்தான் யோசிப்போம்.

கண்ணாடி முதல் தூணைத் தாண்டியது. ஆவி மேலெழுந்து சுவரை மறைத்தது. அந்த நேரத்தில்தான் தலைவி வந்து சேர்ந்தார். நரைத்த கூந்தல், மெல்லிய உருவம், தலைக்கவசம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பாதுகாப்பான தூரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர்களை நிறுத்தியிருந்தார் பிரபு.

"இது நிற்குமா?" என்று தலைவி பிரபுவைக் கேட்டார்.

பிரபு பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினார். "இவரைக் கேளுங்கள்."

"தெரியாது" என்றேன். "அந்தத் தூணைத் தொட்டால் உலையை வடித்துவிடுவேன். தொடாவிட்டால் காப்பாற்றலாம்."

"வடித்தால் ஆலையே முடிந்துவிடும். என்னைக் கேட்காமலா?"

பிரபுதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. "மன்னிக்க வேண்டும். ஆலையை வைத்திருப்பதா என்பது உங்கள் முடிவு. அதை இன்னொரு நாள் எடுக்கலாம். இன்று இந்த உலையின் முடிவு இவருடையது. எனக்கும் இங்கே வேலை இல்லை. நானும் உங்களோடு நிற்கிறேன்."

தன்னைப் பதவியில் வைத்திருக்கும் பெண்ணிடம், இரண்டு இயக்குநர்களுக்கு முன்னால் அப்படிச் சொன்னார். பிறகு ஓரமாகப் போய், தொலைபேசியை எடுத்துச் சிட்னி சோஸ் கம்பனியைக் கூப்பிட்டார். அவர்கள் எங்கள் போத்தலை நம்பி நத்தார்ப் பண்டிகைக்கான வேலையைத் தொடங்கியிருந்தார்கள். "உங்கள் போத்தல்கள் வராமல் போகலாம். உங்களுக்கு வேறு இடம் தேடிவிட்டு மறுபடி எடுக்கிறேன்" என்றார். அடுத்ததாக எங்கள் போட்டிக் கம்பனிக்காரரைக் கூப்பிட்டு, எங்கள் வாடிக்கையாளருக்குப் போத்தல் கொடுக்க முடியுமா என்று கேட்டார். இயக்குநர்களில் ஒருவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

செந்தில் தூணையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும்தான். ஆவி கொஞ்சம் விலகியபோது கண்ணாடியின் முனை தெரிந்தது. செம்மஞ்சளாக இருந்தது சிவப்பாகி, கருஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது தூணுக்கு ஒரு முழம் இருக்கும். நகர்கிறதா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நகரவில்லை. முனை கறுத்தது.

"நின்னுருச்சு மேடம்" என்றார் செந்தில், மெதுவாக. பிறகு ஆலை முழுக்கக் கேட்கும்படி: "நின்னுருச்சு!"

அதற்கு யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. ஆட்கள் கவசங்களைக் கழற்றி மேலே எறிந்தார்கள். தொழிற்சங்கப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். நனைந்து ஊறிப்போன செந்தில் தலைவியிடம் கைகுலுக்கப் போய், கையின் நிலையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். தலைவியே எட்டி அந்தக் கையைப் பிடித்தார்.

சுவரைத் திருத்தி உலையை மறுபடி சூடாக்கும்வரை போட்டிக் கம்பனி முதல் தொகுதிப் போத்தல்களை அனுப்பிவைத்தது. சோஸ் கம்பனியின் வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவர்கள் எங்களை விட்டும் போகவில்லை. அடுத்த ஒப்பந்தத்தை முன்னைவிட நீண்ட காலத்துக்குத் தந்தார்கள்.

சில வாரங்களில் பாரிஸிலிருந்து முடிவு வந்தது. பிரபு மண்டபத்தில் எங்களைக் கூட்டினார். மறுபடி மைக்கைத் தொடவில்லை. "கட்டுகிறோம்" என்றார். அந்த ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் பேசியது எவருக்கும் கேட்கவில்லை.

ஏன் இந்த முடிவு என்று பின்னர் தலைவியிடமே நான் கேட்டேன். அவர் வீரத்தைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் பரிந்துரை காகிதத்தில் நன்றாக இருந்தது. எல்லா ஆலைகளின் பரிந்துரையும் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கும். உங்களுடையதை நம்பலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்" என்றார்.

புதிய உலை எழும்பியது. அதைப் பற்றவைத்து, கண்ணாடி பதமாகி, முதல் போத்தல் இயந்திரத்திலிருந்து வெளியே வந்த நாளில் ஆலை திருவிழாவாக இருந்தது. குடும்பங்களையும் அழைத்திருந்தோம். என் கணவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தலைவியும் பாரிஸிலிருந்து வந்திருந்தார். முதல் போத்தலைத் தலைமையகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதாகச் சொல்லி, அதற்கென்று வெல்வெட் விரித்த ஒரு பெட்டியே கொண்டுவந்திருந்தார்.

சூடு ஆறிய போத்தலைப் பிரபுவின் கையில் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தார். மெதுவாகச் சுற்றினார். கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குமிழி இருந்தது. என்னிடம் திருப்பித் தந்தார். நானும் பார்த்தேன்.

"என்ன சொல்கிறீர்கள், வசந்தி?"

"கடைக்கு அனுப்ப மாட்டேன்" என்றேன்.

தலைவி வெல்வெட் பெட்டியைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார். பிரபு போத்தலை வாங்கி, மீண்டும் உருக்குவதற்காக உடைசல் போடும் தொட்டிக்குள் எறிந்தார். அது சிதறிய சத்தத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள்.

"மறுபடி உலைக்குள்ளே போய் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த போத்தலுக்குக் கையை நீட்டினார்.